ஒரே அச்சில் இரண்டு சக்கரம்

எனக்குத் தெரட்டிச் சீர் நடந்த அன்று ஊரே என்னைப் பார்த்தது. அந்த வெட்கம் போதாதென்று மாமா அந்த வண்டியில் வந்து இறங்கினார்.

அவர் அம்மாவின் தம்பி. வயசுக்கு வந்த பெண்ணைத் தாய்மாமன் தன் வண்டியில் கோயிலுக்குக் கூட்டிப்போய், பிறகு தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்துப்போவது எங்கள் வீட்டு முறை. முந்தைய வருஷம் வாங்கியபோது அது வேறு மாதிரி இருந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக எழும்பி இறங்கும். காபி டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு துடியலூர் வரை போகலாம், சிந்தாது. பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி நான் அளந்த அளப்பு கொஞ்சநஞ்சமல்ல. சீருக்கு அதில்தான் வரப்போகிறேன், வந்து பாருங்கள் என்று தோழிகளை வேறு கூப்பிட்டு வைத்திருந்தேன்.

இடையில் மாமாவுக்கு என்ன தோன்றியதோ, பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறை ஒன்றில் விட்டு வண்டியின் முன்பக்கத்தையே அறுத்துப்போட்டார். பழைய ராணுவ ஜீப்பின் அச்சை வாங்கி, இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பில் கோத்து, வில்வண்டிக்கு இருப்பதுபோன்ற அடுக்குப் பட்டைகளின் மேல் உட்கார வைத்துவிட்டார்.

"புது வண்டியப் போயி இப்புடிப் பாழாக்கிப்போட்டானே!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"அவன ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள் அம்மா. ஏன் என்று சொல்லவில்லை.

வண்டி இப்போது ஒட்டகம்போல நின்றது. பட்டுச்சேலையோடு என்னால் ஏற முடியவில்லை. மாமா சளைக்காமல் உள்ளேயிருந்து ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார்.

"ஏறு கண்ணு, மாமன் புடிச்சுக்கறேன்."

நான் முக்காலிமேல் நின்று தடுமாறுவதை வீடியோக்காரர் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டார். தோழி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வழியில் ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால் மொத்த வண்டியும் மறுபக்கம் சாய்ந்தது. பூச்சரம் கழன்று தோளில் விழுந்தது. கோயில் வரும்வரை நான் தலையை நிமிர்த்தவே இல்லை. மானம் போய்விட்டது, இனி எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது என்பதுதான் என் கவலை.

சாயங்காலம் மாமாவின் தோட்டத்துக்குக் கிளம்பினோம். அது மலையடிவாரத்தில் இருக்கிறது. போவதற்கு ஒரே வழி, பாறாங்கல் நிறைந்த ஓடையைக் கடப்பதுதான். அன்று முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. பின்சீட்டில் என் பக்கத்தில் அத்தை, மாமாவின் மனைவி. காலையிலிருந்தே அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சக்கரம் தண்ணீரில் இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, வளையல் அழுந்த என் கையைப் பிடித்தாள். வண்டி ஒரு கல்லில் ஏறி இப்படிச் சாய்ந்தது, இன்னொன்றில் ஏறி அப்படிச் சாய்ந்தது, ஆனால் நிற்காமல் கரையேறிவிட்டது.

மாமா வண்டியை நிறுத்தி அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

"தாண்டியாச்சு அம்மணி. இனி எந்த மழைக்கும் இது நடுவுல நிக்காது."

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பாவம், இந்த வண்டியால் அவளுக்கும் என்னைப் போலவே மானம் போகிறது என்று நினைத்தேன்.

அத்தைக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். முந்தைய ஐப்பசி மழையில், பிரசவ வலியோடு அவளை ஏற்றிக்கொண்டு மாமா கிளம்பியதும், இதே ஓடையில் அந்தச் சொகுசு வண்டியின் முன்சக்கரம் ஒன்று முறிந்து மடங்கியதும், உதவிக்கு ஆள் வரும்வரை அவள் தண்ணீர் நடுவில் துடித்துக் கிடந்ததும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பெரியவர்கள் பிள்ளைகளான எங்களிடம் சொல்லவில்லை.

அதனால் அத்தைக்காக நியாயம் கேட்பதாக நினைத்துக்கொண்டு நான் பேசினேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"பழைய மாதிரியே உட்டிருக்கலாமுங்க மாமா. பாருங்க, அத்தைக்கும் புடிக்கல."

மாமா முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செரி கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.