ஒரு வார்த்தையும் பல வார்த்தைகளும்

சனிக்கிழமைகளில் கிளிநொச்சி ஆங்கில வகுப்புக்கு நானும் அவளும் ஒரே பஸ்ஸில் போவோம். குளக்கட்டுத் திருத்த வேலையில் இருவரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள். அவள் முல்லைத்தீவுக் கரையோரத்தாள், என்னைவிட இளையவள்.

அந்த மாதம் வாக்குவாதச் சொற்களும் அளவுச் சொற்களும் படித்தோம். நான் தரம் பிரித்து எழுதினேன்: கருத்து வேறுபாடு, வாக்குவாதம், சண்டை, எண்ணக்கூடியவை, எண்ண முடியாதவை. அவள் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் அவளுக்கு ஆங்கிலம் வரும். பிழையாகத்தான் வரும், நிற்காமல் வரும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

கொழும்பிலிருந்து வரும் புதிய பொறியியலாளருக்குத் தமிழ் தெரியாது. ஸ்கந்தபுரத்து வேலைத்தளத்துக்கு எங்களில் ஒருத்தியைத் தன்னுடன் எடுப்பார் என்றார்கள். அனுபவம் கூடியவள் நான். அந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

முதல் கூட்டத்தில் அவர், கட்டுக்குப் போடும் கிரவல் மண் ஏன் குறைவாக வருகிறது என்று கேட்டார். கிரவல் எண்ண முடியாதது, டிப்பர் லோட் எண்ணக்கூடியது. 'லிட்டில்' போடுவதா, 'பியூ' போடுவதா என்று நான் யோசிப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்:

"ஐ ஹாட் வேர்ட்ஸ் வித் த கொன்ட்ராக்டர், சேர்."

ரெண்டு வார்த்தை கதைத்தேன் என்பதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்தாள். 'எ வேர்ட்' என்றால் கதைத்தது, 'வேர்ட்ஸ்' என்றால் சண்டை பிடித்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் பேனையை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்து, "குட்" என்றார். எதிர்க்கதிரையில் இருந்த, கிரவல் ஏற்றும் ஒப்பந்தகாரர், நாளையிலிருந்து லோட் நிரம்பி வரும் என்று பணிவாகச் சொன்னார்.

அடுத்த நாளே பொறியியலாளரின் ஜீப்பில் அவள்.

சனிக்கிழமை பஸ்ஸில் சொன்னேன்: "நீ அண்டைக்குச் சொன்னது, கொன்ட்ராக்டரோட சண்டை பிடிச்சனான் எண்ட கருத்தில."

"மெய்யாவோ அக்கா? நான் அந்தாளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தெல்லோ கதைச்சனான்." முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "இனி உண்மையாவே சண்டை பிடிக்க வேண்டி வரும். உங்கட சொல்லுகளை எனக்கும் எழுதித் தாங்கோவன்."

எழுதிக் கொடுத்தேன், தரம் பிரித்து, பிழையில்லாமல். திங்கட்கிழமை அவை ஜீப்பில் ஸ்கந்தபுரம் போயின. நான் அலுவலகத்தில் இருந்தேன்.