வாசகப் போட்டியின் நடுவர்

தி.நகர் உஸ்மான் சாலையில் அய்யாதுரை அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் சேர்ந்த நாளிலிருந்து ராம்குமாருக்கு ஒரு பெயர் உண்டு. பொய் சொல்லத் தெரியாத சேல்ஸ்மேன். "இது சாயம் போகும்மா, வேற எடுங்க" என்று வாங்க வந்தவர்களிடமே சொல்லிவிடுவார். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அந்த நாக்கை நம்பியே அவரைத் தேடி வந்தவர்கள் ஏராளம்.

அப்படிப்பட்ட மனுஷனைக் கெடுக்க ஒரு இன்ஸ்டாகிராம் போதுமானதாக இருந்தது. கடையின் பக்கத்தை நடத்தும் பொறுப்பு அவர் தலையில் விழுந்ததும், தீபாவளிக்கு ஒரு யோசனை சொன்னார். சேலை எடுத்தவர்கள் பில் நம்பரோடு கமெண்ட் போட வேண்டும், குலுக்கலில் ஒருவருக்குப் பட்டுச்சேலை.

கடைக்கு வழக்கமாக ஆலோசனை சொல்லும் ஆழ்வார்பேட்டை வக்கீல் அச்யுத் பதறிப்போனார். "குலுக்கலா? வேண்டவே வேண்டாம். வாங்கினவாளுக்குக் குலுக்கிப் போட்டுப் பரிசு குடுக்கறதுக்கு இங்க தடைச் சட்டம் இருக்கு. திறமைக்குப் பரிசுன்னு வையுங்கோ, ஒரு வாசகம் எழுதச் சொல்லுங்கோ. ஆனா ஒண்ணு விடாமப் படிச்சுத்தான் குடுக்கணும். பேருக்குப் போட்டி வெச்சா அதுவும் ஏமாத்துதான்."

'எங்கள் சேலை உங்களுக்கு ஏன் பிடிக்கும்?' என்று கேட்டுப் போட்டி அறிவித்தார்கள். நடுவர் ராம்குமார் என்று அவர் சிரிக்கும் படத்தையும் போட்டார்கள். வாசகங்கள் வந்து குவிந்தன. கடைசி நாளில் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"ஏல, அடையாறு கீர்த்திப் புள்ளையும் எழுதிருக்கா, அவளுக்கே குடுத்துருல. அவ வீடியோவ லட்சம் பேரு பாக்கான்."

"மத்தவங்க எழுதினதப் படிக்கணும்லா அண்ணாச்சி?"

"இந்தக் கூட்டத்துல ஒனக்குப் படிக்க எங்கல நேரம்?"

நேரம் இருந்தது. டீ குடிக்கும்போது கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க இருந்த நேரம் இதற்கும் இருந்தது. ஆனாலும் ராம்குமார் கீர்த்திக்கே பரிசை அறிவித்தார். 'அனைத்தையும் படித்து நடுவர் தேர்ந்தெடுத்த சிறந்த வாசகம்' என்று தன் கையாலேயே எழுதி, தன் படத்துக்குக் கீழே போட்டார். ஊரில் எவன் செய்யாததை நாம் செய்துவிட்டோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார், ஒட்டவில்லை.

தீபாவளி முடிந்த வாரம், ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் ரோஸி வந்தார். வருஷம் தவறாமல் ராம்குமாரிடமே சேலை எடுப்பவர். வந்தவர் சேலை எதையும் கேட்கவில்லை.

"சார், போட்டில நானும் எழுதினேன். நீங்கதான எல்லாத்தயும் படிச்சீங்க? நான் எழுதினதுல இன்னா தப்பு கீதுன்னு சொன்னீங்கன்னா, அடுத்த வாட்டி திருத்திக்கினு எழுதுவேன்."

சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பார். இந்த அம்மாள் பாடம் கேட்க வந்திருந்தார். படிக்கவில்லை என்று சொல்லிவிடலாம், இப்போதுகூட சொல்லிவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. வாயோ வேறு சொன்னது.

"நல்லாத்தான் இருந்துச்சும்மா. கொஞ்சம் நீளமாப் போச்சு."

ரோஸி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலே வார்த்தைதான சார் எழுதினேன்?"

ராம்குமாருக்கு உடம்பெல்லாம் கூசியது. போனை எடுத்தார். ரோஸியின் எதிரிலேயே அவர் எழுதியதைத் தேடினார். எங்கோ அடியில் கிடந்தது.

'ஒரே அலசு, மீன்வாடை போச்சு.'

இத்தனை வருஷத்தில் அந்தக் கடைச் சேலையைப் பற்றி இவ்வளவு உண்மையாக ஒருவரும் சொன்னதில்லை, ராம்குமார் உட்பட.

"நான் படிக்கலம்மா," என்றார். "யாரு எழுதினதையும் படிக்கல. மன்னிச்சிருங்க."

ரோஸி போனில் இருந்த தன் வரியை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்து சிரித்தார்.

"அப்ப நான் எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லியா சார்?"

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். ரோஸி நிஜமான சந்தோஷத்தோடு கேட்டார்.