யாருக்கும் இல்லாத பெயர்

மார்ச் 4 — 1,420 கிராம்
மார்ச் 5 — 1,390
மார்ச் 6 — 1,360
மார்ச் 7 — 1,350
மார்ச் 8 — 1,610
மார்ச் 9 — 1,350

இது என் தம்பி மகளுக்குப் பிறந்த ஆண் குழந்தையின் எடை. மாதம் நிறையாமல் பிறந்தவன். மருத்துவமனையின் நான்காவது மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். காலை பதினொரு மணிக்குத் தகப்பன் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம். "எடையை எழுதிட்டு வாங்க மாப்பிள்ளை" என்று சின்ன நோட்டு ஒன்றைக் கொடுத்தது நான்தான். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்கு வேறு என்ன உதவி செய்யத் தெரியும்?

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். ஒன்பது மாடி உயரத்தில் லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவர் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். நான் அறிந்த மாப்பிள்ளை அப்படி இல்லை. கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்த பிறகும் போய்க் குனிந்து பார்ப்பார். மருத்துவமனை லிஃப்டில் அவர் ஒரு நாள்கூட ஏறவில்லை. பால் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு நான்கு மாடியும் நடந்தே ஏறினார். "அந்தக் கயிறு சத்தம் சரியில்ல மாமா" என்றார்.

எட்டாம் தேதி படி இறங்கி ஓடிவந்தார். "மாமா! ஒரே நாள்ல இருநூத்தி அறுபது கிராம் ஏறிட்டான்! பயில்வான் ஆயிட்டான் உங்க பேரன்!"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். சற்றுப் பொறுத்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"மாப்பிள்ளை, இது நம்ம குழந்தையோட எடை இல்ல."

மறுநாள் இருவரும் போனோம். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். பெட்டியின்மேல் ஒட்டியிருந்த சீட்டில் தாயின் பெயர், கீழே 'ஆண் குழந்தை' என்று இருந்தது. அடுத்த பெட்டியின் சீட்டிலும் அதே தாய்ப்பெயர், அதே 'ஆண் குழந்தை'. அந்தக் குழந்தை கொஞ்சம் புஷ்டியாக இருந்தது.

தலைமை நர்ஸ் வெளியே வந்து நின்றார். "எடை எழுதுறப்ப சீட்டு மாறிப்போச்சு, அவ்வளவுதான். பாலும் மருந்தும் பெட்டி நம்பர் பாத்துதான் குடுக்கறோம். பயப்படாதீங்க."

"நேத்து குதிகால்ல ரத்தம் எடுத்தீங்களே சிஸ்டர்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"ரெண்டு பேருக்கும்தான் எடுத்தோம்."

"அட்டையில என்ன எழுதினீங்க?"

"அம்மா பேரு. ஆண் குழந்தை. தேதி."

"ரெண்டுலயும் அதேவா?"

நர்ஸ் கையிலிருந்த பேனாவை மூடினார். "முடிவு நல்லாத்தான் வரும். போய் அந்தப் பொண்ணுக்குத் தைரியம் சொல்லுங்க."

அது தைராய்டு சுரப்பிக்கான பரிசோதனை. வேறொரு நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. முகவரிகள் தனித் தாளில் போயிருந்தன; முடிவு தபாலில் வரும்.

இறங்கும்போது மாப்பிள்ளை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினொரு வருடமாக வீட்டில் சொல்லாததை அங்கே வைத்துச் சொன்னார்.

லிஃப்டில் வேலை செய்பவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுவிட்சில் தன் பெயர் எழுதிய அட்டையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். மாட்டியவர்தான் எடுக்கலாம். வேறு யாரும் தொடக்கூடாது. மாப்பிள்ளையின் குழுவில் அவர் பெயரிலேயே இன்னொருவர் இருந்தார். ஒரு நாள் இவர் மேல் மாடியில் வேலையை முடித்துக் கீழே வந்தார். தன் பெயர் போட்ட அட்டை தொங்கியது. எடுத்தார், சுவிட்சைப் போட்டார். இவருடைய அட்டை பக்கத்துச் சுவிட்சில் இருந்தது. அந்த லிஃப்டின் அடியில் பள்ளத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்த அந்த இன்னொருவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று.

"என் பேர்தானே மாமா இருந்துச்சு" என்றார். அதையே மூன்று முறை சொன்னார்.

பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "ஊர்ல வேற யாருக்கும் இல்லாத பேர் ஒண்ணு வேணும். இன்னிக்கே வேணும்."

பெயரோடு பிறப்பைப் பதிந்து ரசீதைக் காட்டினால், பெட்டிச் சீட்டில் அந்தப் பெயரையே போடுவார்கள். நேராக என் பழைய அலுவலகத்துக்குப் போனோம். இப்போதைய குமாஸ்தாவுக்கு 'பூட்டு' என்று பட்டப்பெயர். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும். பதிவேடுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினார்.

மாப்பிள்ளை ஆறு பெயர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கடைசி ஐந்து வருடத்தில் முதல் பெயர் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு. இரண்டாவது தொண்ணூற்றேழு. ஆகக் குறைந்தது பதினான்கு. ஒவ்வொன்றாக அடித்தார். தாளில் எதுவும் மிச்சமில்லை.

"தாத்தா பேர் ஒண்ணு இருக்கு" என்று இழுத்தார். "அதைச் சொன்னா உங்க பொண்ணு என்னை வெட்டிப் போட்டுடுவா."

அதைத் தேடி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியாகப் பதிவானது முப்பத்தெட்டு வருடத்துக்கு முன். பதிவில் இருந்தது என் கையெழுத்து.

"அந்த ஆள் இப்ப எங்க?"

இறப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். அதில் இல்லை.

"அப்ப இருக்காரு! ஒருத்தருக்கு இருக்கே மாமா!"

"முப்பத்தெட்டு வயசுக்காரரைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில படுக்க வைக்க மாட்டாங்க மாப்பிள்ளை."

பூட்டு சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

தம்பி மகள் இரண்டாவது மாடியில் படுத்திருந்தாள். பெயரைக் கேட்டதும் தலையைத் தூக்கினாள். "இது பேரா, பழைய பீரோவா? பள்ளிக்கூடத்துல வாத்தியாரே 'வாங்க பெரியவரே'ன்னு எழுந்து நிப்பாரு!" பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"வீட்டுக்கு வந்தப்புறம் வெக்கலாம்னு சொன்னேன்ல? பேர் வெச்சா கூப்பிடத் தோணும் பெரியப்பா. கூப்பிட்டுப் பழகிட்டு, அப்புறம் அவன் இல்லைன்னா?"

மாப்பிள்ளை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாறிப்போனா என்ன சொல்லித் தேடறது? அதைச் சொல்லு."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். திரும்பாமலே, "எழுதிக்குங்க" என்றாள்.

பத்தாம் தேதி பெட்டிச் சீட்டில் அந்தப் பெயர் ஏறியது. பதினான்காம் தேதி அடுத்த பெட்டிக் குழந்தை வீட்டுக்குப் போயிற்று.

பத்தொன்பதாம் தேதி ஆய்வகத்திலிருந்து எங்கள் முகவரிக்குக் கடிதம் வந்தது. தாய்ப்பெயர், ஆண் குழந்தை, மார்ச் 8. சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை.

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். "மாத்திரை குடுத்தா சரியாயிடும். ஆனா ஒரு மாசத்துக்குள்ள ஆரம்பிக்கணும், இல்லைன்னா மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நல்லா இருக்கிற குழந்தைக்கு அதைக் குடுக்கவும் கூடாது. ரெண்டுல எதுன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன்."

ஏப்ரல் மூன்றோடு மாதம் முடிகிறது.

அடுத்த பெட்டிக் குழந்தையின் தகப்பன் தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். பதிவேட்டில் முகவரி பார்த்து, வேலை செய்யும் இடத்துக்கே போனோம். புதுக் கட்டடத்தின் குளியலறையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை கடிதத்தை நீட்டினார்.

"உங்க வீட்டுக்குத்தானே வந்திருக்கு?"

"அண்ணே, ரெண்டு அட்டையிலயும் ஒரே பேரு. இது உங்க குழந்தையோடதாவும் இருக்கலாம்."

"யோவ், உன் பிள்ளை சீக்கை என் பிள்ளை தலையில கட்டப் பாக்குறியா? எங்களுக்கு ஒண்ணும் வரல. போய்யா."

மாப்பிள்ளை போகவில்லை. "ரெண்டு குழந்தைக்கும் திரும்ப ரத்தம் எடுக்கணும்ணே. எனக்கு வந்துச்சுன்னு நான் பேசாம இருந்து, உங்களுக்கு ஆயிட்டா? இன்னொரு தடவை என்னால முடியாதுண்ணே."

எது இன்னொரு தடவை என்று அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.

இருபதாம் தேதி இரண்டு குழந்தைக்கும் மறுபடி எடுத்தார்கள். இம்முறை அட்டையில் பெயர் இருந்தது. டைல்ஸ்காரரும் தன் மகனுக்கு அவசரமாக ஒரு பெயர் வைத்திருந்தார். அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. நான் அதைச் சொல்லவில்லை.

ஒரு முறை குழப்பம் நடந்துவிட்டதால் முடிவை எழுத்தில் மட்டுமே தருவோம் என்று ஆய்வகம் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை தினமும் தெருமுனையில் தபால்காரருக்காக நின்றார். "எங்கிட்ட ஒளிச்சு வெக்க இடமில்ல சார்" என்று அவர் பையைத் திறந்தே காட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 30, வெள்ளிக்கிழமை, டைல்ஸ்காரர் வந்தார். வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. "எங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கு" என்று தப்புச் செய்தவர் மாதிரி சொன்னார். மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்படியானால் யார் என்பது எங்களுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கடிதத்தோடு டாக்டரிடம் ஓடினோம். "புரியுது. ஆனா ஏற்கனவே ஒரு தடவை மாறியிருக்கு. உங்க பையன் பேர் போட்ட தாள் என் கைக்கு வரணும்" என்றார்.

சனிக்கிழமை வரவில்லை. ஞாயிறு தபால் கிடையாது. மாப்பிள்ளை அன்றும் தெருமுனைக்குப் போய் நின்றார். நான் தடுக்கவில்லை. நாட்களைத் திரும்பத் திரும்ப விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனை முறை எண்ணினாலும் இரண்டுக்கு மேல் வரவில்லை.

உறைமேல் தாத்தாவின் பெயர் முழுதாக இருந்தது. தம்பி மகள்தான் பிரித்தாள். சுரப்பி வேலை செய்யவில்லை, உடனே மருந்து தொடங்கவும் என்று இருந்தது. அவள் அழவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் கிளம்பினாள். மாலை மூன்று மணிக்குத் தலைமை நர்ஸ் கடிதத்தில் இருந்த பெயரையும் பெட்டிமேல் இருந்த பெயரையும் மாறி மாறி இரண்டு முறை உரக்கப் படித்தார். மாப்பிள்ளை மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னார். அதன்பிறகே மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துப் பாலில் கரைத்துக் கொடுத்தார்கள்.

கடிதம் வந்து சேர்ந்தது ஏப்ரல் 2, திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு இருபது.