ஆரோக்கியம் கேட்காத பக்கம்

போன வெள்ளிக்கிழமை காலை மந்தைவெளியிலிருந்து ஆரோக்கியத்தின் அக்கா ஃபோன் செய்தார். “நம்ம ஆரோக்கியம் போயிட்டான் தம்பி.” கேபிள் புதைக்கத் தோண்டிய பள்ளத்தில் விழுந்திருக்கிறான். பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்களாம். பார்வையில்லாதவனுக்குச் சிவப்புத் துணி! தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

தியாகராய நகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இணையப் பக்கங்கள் செய்துகொடுப்போம். திரையில் உள்ளதைக் கணினி வாய்விட்டுப் படிக்கும். அதைக் கேட்டு, பார்வையற்றவர்களுக்கு அந்தப் பக்கம் உதவுமா என்று சோதிப்பது ஆரோக்கியத்தின் வேலை. தப்பு கண்டுபிடிப்பதில் எமகாதகன். “அழகா கீதுன்னு நீ சொல்றே மச்சி. உன் பக்கம் வாயே தொறக்க மாட்டேங்குதே!” என்று சிரிப்பான். கண்ணுக்குத் தெரியாமல் கணினி மட்டும் படிக்கும் எழுத்து விளக்கத்தைப் படங்களுக்குச் சேர்க்க நான் மறந்திருப்பேன். மானம் போகும்.

“ஊமையா இருந்தா கண்டுபிடிச்சிடலாம். தெளிவா, தப்பா பேசிச்சின்னா? அதுக்குத்தான் பயப்படுறேன்” என்றும் சொல்வான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா மகள் கல்யாணத்துக்காக அவன் நான்கு நாள் விடுப்பில் போனான். அன்றே ஒரு மருந்துக் கம்பெனியின் பக்கம் இணையத்தில் ஏறியாக வேண்டும். எந்த மருந்தை எவ்வளவு சாப்பிடுவது என்பதெல்லாம் படங்களாக இருந்தன. முதல் படத்துக்கு ‘காலை இரண்டு, இரவு இரண்டு’ என்று விளக்கம் எழுதினேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று அதையே எல்லாப் படங்களுக்கும் ஒட்டிவைத்தேன். மறந்தே போனேன். கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பக்கம் இணையத்தில் ஏறிவிட்டது.

திரும்பி வந்த ஆரோக்கியம் ஹெட்ஃபோனை மாட்டினான். கேட்டான். மறுபடியும் கேட்டான். முகம் செத்துவிட்டது.

“தூக்க மாத்திரைக்கும் ரெண்டு ரெண்டா? இது எப்போ போச்சு?”

“நாலு நாளாச்சு.”

உடனே திருத்தினோம். “யாரும் புகார் சொல்லலியே” என்று இழுத்தேன்.

“சொல்ற நெலமைல இருந்தா சொல்லியிருப்பான்.”

அந்த நான்கு நாளில் யார் கேட்டார்கள், எதை விழுங்கினார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதன்பிறகு தினமும் வந்ததும் வராததுமாக, “மெயில் எதனா வந்துச்சா?” என்பான். எதுவும் வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கேட்டுச் சோதித்தவர் பெயர் எழுதிய தாள் இல்லாமல் எங்கள் அலுவலகத்திலிருந்து எந்தப் பக்கமும் வெளியே போகாது. திருத்திய அன்று அவன் இன்னொன்றும் கேட்டான். “சோதனைத் தாள்ல யார் பேர் கீது?”

தாளைக் கையில் பிடித்துக்கொண்டே, “என் பேருதான்” என்றேன். நம்பிவிட்டான். என் தோளைத் தேடிப் பிடித்து, “இன்னா வந்தாலும் நான் கூட நிக்கிறேன், பயப்படாதே” என்றான்.

அவனை அறிந்து, இதைப் படிக்கும் உங்களிடம் மறைக்க எனக்கு இனித் தெம்பில்லை. அவனுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். ‘கேட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது’ என்ற வரிக்குக் கீழே ஆரோக்கியத்தின் பெயர் இருக்கிறது. எழுதியது நான்.