தவமணி அன்ரியின் கரண்ட் சுருட்டு

லிஃப்ட் கதவு திறக்க முன்பே தவமணி அன்ரியின் இருமல் வந்துவிடும். நாங்கள் கடல் கடந்து வந்து குடியேறிய டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டிடத்துக்குப் பதினாறு மாடி. இருமலைக் கேட்டே அவர் எந்த மாடியில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். அவருடைய வீடு எட்டாம் மாடியில், என் கதவுக்கு நேர் எதிரே. ஐம்பத்தாறு வயது. ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் தோய்க்கிற வேலை. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, ஊர் வாய்க்குப் பயமும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி கட்டிட வாசலில் நின்று சிகரெட் பிடிப்பதைக் கண்டு முதல் வருடம் எல்லோரும் முகத்தைத் திருப்பினார்கள். இரண்டாம் வருடம் அவரிடமே லைற்றர் இரவல் கேட்டார்கள்.

ஐந்தாம் மாடி விநாயகமூர்த்தி அங்கிள் மட்டும் விடவில்லை. அவருக்கு எல்லாப் பேச்சும் மூக்கால்தான் வரும்.

"பொம்பிளை சிகரெட் பத்திறதோ?"

"பத்த வைச்சால் எரியுது தானே அண்ணை. பொம்பிளை எண்டு பார்த்து அது அணையிறேல்லை."

அப்படிப்பட்டவர் 2009 மாசி மாதம் சிகரெட்டை விட்டார். டாக்டர் சொன்னதற்காக இல்லை. டாக்டர் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்ரியின் தம்பி இராஜரட்ணம், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். தை மாதம் ஒரு முறை போன் எடுத்தார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கோயிலில் எல்லோரும் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை என்று நேர்த்தி வைத்தார்கள். அன்ரி வேறு மாதிரி வைத்தார்.

"இறைச்சியில எனக்குப் பெரிய ஆசை இல்லை. அதை விட்டால் பிள்ளையார் சிரிப்பார். தம்பியின்ர குரல் போனில கேக்குமட்டும் சிகரெட் தொடமாட்டன்."

பத்து நாளில் ஹோட்டலில் மூன்று பேரோடு சண்டை. அதில் ஒருவர் மனேஜர். எங்கள் மாடியில் பிள்ளைகள் சத்தமில்லாமல் நடக்கப் பழகினார்கள். அப்போதுதான் பன்னிரண்டாம் மாடி பிரவீண் இறங்கி வந்தான். கோயம்புத்தூர்க்காரன். ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்கள் பழுதானால் போனில் வழி சொல்லும் வேலை. தான் சிகரெட்டை விடுவதற்கென்று இணையத்தில் வாங்கிய இ-சிகரெட் தனக்குத் தலையிடி தருகிறது என்று அன்ரியிடம் கொடுத்தான். பார்க்க வெள்ளைப் பேனை போல இருந்தது. கழற்றினால் இரண்டு துண்டு. ஒன்று பற்றறி, மற்றது வாயில் வைப்பது. இழுத்தால் நுனியில் லைற் எரியும்.

விநாயகமூர்த்தி அங்கிள் உடனே வழக்குத் தொடுத்தார். "உதுவும் புகை தானே? நேர்த்தி முறிஞ்சு போச்சு."

"நான் சிகரெட் எண்டு சொல்லித்தான் நேர்த்தி வைச்சனான். உது கரண்ட் சுருட்டு. பிள்ளையாருக்கும் எனக்கும் நடுவில நீங்கள் என்ன, மொழிபெயர்ப்பாளரோ?"

மூன்றாம் வாரம் கரண்ட் சுருட்டு மக்கர் பண்ணியது. அன்ரி பிரவீணை அழைத்தார். வேலைக்குரலிலேயே வந்தான்.

"சொல்லுங்க ஆன்ட்டி, என்ன ப்ராப்ளம்?"

"கண்ணடிக்குது மோனை."

"எத்தனை தடவை கண்ணடிக்குது?"

"எண்ணிப் பார்க்க நான் என்ன, கலியாணம் பேசவே போறன்? லைற் கண்ணடிக்குது, புகை வருகுதில்லை."

பிரவீண் கழற்றினான். திருகு மரைக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. விரலால் தொட்டு மோந்தான்.

"ஆன்ட்டி, இது என்ன பவுடர்?"

அன்ரி கைப்பையைக் கவிழ்த்தார். கோயில் திருநீற்றுப் பொட்டலம் அவிழ்ந்து, சாவி, பஸ் ரோக்கன், சீப்பு எல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு விழுந்தன.

"சாமியோட இருக்கட்டும் எண்டு ஒண்டா வைச்சனான்."

"சாமிய வேற பாக்கெட்ல வைங்க ஆன்ட்டி. ரெண்டு துண்டும் சேர்ற இடத்துல தூசி இருந்தா கரண்ட் பாயாது." பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். காய விட்டுப் பூட்டினான். லைற் எரிந்தது. அன்ரி ஒரு இழுவை இழுத்துவிட்டு, வங்கிக்கு இவன் வேலை செய்வது வீண் என்றார்.

அடுத்த கிழமை திரும்பவும் கண்ணடித்தது. இந்த முறை தூசி இல்லை. பிரவீண் தன்னிடமிருந்த வேறொரு வாய்த்துண்டைப் பூட்டிப் பார்த்தான். அதுவும் வேலை செய்யவில்லை. "அப்போ தப்பு பேட்டரி பக்கம்தான்" என்று ரோர்ச் அடித்து உள்ளே பார்த்தான். நடுவிலிருந்த சின்ன உலோகப் பொட்டு உள்ளே அமுங்கிக் கிடந்தது.

"எவ்வளவு டைட்டா திருகுறீங்க?"

"கழண்டு விழாத அளவுக்கு." அவர் செய்து காட்டினார். ஹோட்டலில் சவர்க்காரப் பீப்பாவின் மூடியை இறுக்குகிற அதே கை, அதே மூச்சு.

பிரவீண் ஊசியால் பொட்டை மெல்ல நெம்பி மேலே கொண்டு வந்தான். "ரெண்டு விரல் போதும். அது நின்னா நீங்களும் நின்னுடுங்க."

சித்திரை முடியும்போது வந்த பழுது பெரியது. அப்போது அன்ரி வேலை முடிந்ததும் சீருடையோடேயே ரயிலேறி யூனிவர்சிற்றி அவெனியூவுக்குப் போய்விடுவார். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் றோட்டில் குந்தியிருந்து, சண்டையை நிறுத்து என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அன்ரியின் தொண்டை அதற்கென்றே செய்தது. கோஷத்துக்குக் கோஷம் ஒரு இழுவை வேண்டும். பத்து நிமிடத்தில் லைற் மங்கிப் போனது. வீட்டில் விடிய விடிய சார்ஜரில் போட்டும் அதே பத்து நிமிடம்.

பிரவீண் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ராத்திரி முழுக்க, பகல் முழுக்க சார்ஜ்லயே விட்டிருக்கீங்க. பச்சை வந்ததும் எடுத்திருக்கணும். இது செத்துடுச்சு ஆன்ட்டி. புதுசு ஆர்டர் பண்றேன், வர்றதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகும்."

அன்ரியின் முகம் மாறியது. றோட்டில் பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் தங்கள் ஆட்களைப் பற்றி அந்தச் சொல்லைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"செத்ததெண்டு உனக்கு ஆர் சொன்னது? நீ போ. நான் பார்க்கிறன்."

அவர் பார்த்த விதம் எங்கள் ஆட்களுக்கு மட்டும் தெரிந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி கொண்டுபோகத் தடை இருந்த காலத்தில், ரேடியோவில் இன்னும் ஒரு செய்தி கேட்க வேண்டுமென்றால், முடிந்த ரோர்ச் பற்றறிகளை வெயிலில் காய வைப்பார்கள். மழை நாளென்றால் அடுப்பங்கரையில் வைப்பார்கள். இராஜரட்ணம் அதில் கெட்டிக்காரன். தொட்டுப் பார்த்தே, இதில் இன்னும் பத்து நிமிடம் இருக்கு என்பானாம். அன்ரி மின்னடுப்பைக் குறைய வைத்து, ஓரத்தில் கரண்ட் சுருட்டின் பற்றறியைக் கிடத்திவிட்டு, தேத்தண்ணி போடத் திரும்பினார்.

வெடித்த சத்தம் என் வீட்டுச் சுவரில் மோதியது. நான் ஓடிப்போனபோது, சமையலறை முழுக்கப் புகைக்குள் அன்ரி தோசைக்கரண்டியால் எதையோ அள்ளி பல்கனி சீமெந்தில் எறிந்துகொண்டிருந்தார். சீறிக்கொண்டு எரிந்தது. பெருவிரல் கொப்பளித்திருந்தது. பிரவீண் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான்.

"ஆன்ட்டி! இது லித்தியம்! டார்ச் பேட்டரி இல்ல! அடுப்பு என்ன, வெயில்லயே வைக்கக் கூடாது! முகத்துல பட்டிருந்தா?"

"எங்கட ஊரில உப்பிடித்தான் செய்தனாங்கள். ஒண்டும் வெடிக்கேல்லை."

"அது வேற பேட்டரி ஆன்ட்டி!"

அன்ரி பெருவிரலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, "அப்ப அந்தக் கொம்பனிக்கு எழுதிப் போடு. வழிமுறைப் புத்தகத்தில எங்கட ஆக்களுக்கெண்டு ஒரு பக்கம் வேணுமாம்" என்றார்.

அதற்குப் பிறகு அன்ரியிடம் இரண்டும் இல்லை, சிகரெட்டும் இல்லை, கரண்ட் சுருட்டும் இல்லை. கராம்பைச் சப்பினார். பேனை மூடியைக் கடித்தார். அதைக் கடித்துத் துப்பிவிட்டு இன்னொன்று எடுத்தார். ஆனாலும் றோட்டுக்குப் போவதை ஒரு நாளும் விடவில்லை.

வைகாசி, அதாவது மே பதினெட்டாம் திகதி, திங்கட்கிழமை. விக்டோரியா தின விடுமுறை. காலையிலேயே எல்லார் வீட்டு ரிவியும் ஒரே செய்தியைச் சொன்னது: சண்டை முடிந்துவிட்டது. நானும் அன்ரியும் கீழே இறங்கினோம். விநாயகமூர்த்தி அங்கிள் வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது. சிகரெட் பெட்டியைத் திறந்து அன்ரியிடம் நீட்டினார்.

"முடிஞ்சுது தங்கச்சி. எல்லாம் முடிஞ்சுது. இனி ஆருக்கு நேர்த்தி? எடும்."

அன்றைக்கு அவருடைய பேச்சு மூக்கால் வரவில்லை. யாருடைய குரலையும் அப்படியே பேசிக் காட்டுகிற எனக்கு, அந்தக் குரல் இன்றுவரை வரவில்லை.

அன்ரியின் கை தானாகவே நீண்டது. கொப்பளம் காய்ந்த பெருவிரல் பெட்டியில் பட்டது. ஒரு சிகரெட் பாதி வெளியே வந்தது. அன்ரி அதைத் திரும்ப உள்ளே தள்ளினார். பெட்டியின் மூடியை அமர்த்தி, அங்கிளின் சேட்டுப் பையில் செருகி, மேலே ஒரு தட்டும் தட்டினார்.

"சண்டை முடிஞ்சுதெண்டுதான் அவை சொன்னவை. என்ர தம்பி முடிஞ்சானெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அப்பிடிச் சொல்லுறதெண்டாலும் அவன் வந்து சொல்லட்டும்."

"தவமணி…"

"மூக்கைத் துடையுங்கோ அண்ணை. பஸ் வருகுது. இண்டைக்குத்தான் றோட்டில கனபேர் வேணும், இண்டைக்கு வீட்டில இருக்கிறியளோ?"

அங்கிளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார். நானும் ஏறினேன்.

புதுப் பற்றறி ஆனி மாதம்தான் வந்தது. பிரவீண் வாயைத் திறக்க முதலே அன்ரி அவனுக்குப் பாடம் எடுத்தார். "ரெண்டு விரலால திருகோணும். பச்சை வந்தால் கழட்டோணும். திருநீறு மற்றப் பையில. அடுப்பு எண்ட கதையே இல்லை. வேறென்ன, சொல்லு?"

போன் வரவில்லை. எனவே அன்ரி தானே எடுக்கத் தொடங்கினார். காணாமல் போனவர்களின் பெயர்களைப் பதிகிற அலுவலகம் ஒன்றின் இலக்கத்தை யாரோ கொடுத்திருந்தார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்கு அடிப்பார். எதிர்வீட்டுக் கதவு திறந்திருப்பதால் எனக்கு எல்லாம் கேட்கும். மறுமுனையில் ஒரே பெண்தான் போலும். ஸ்பீக்கரில் அவளுடைய குரல் தேன் மாதிரி வரும்.

"மேடம், யூ கால்ட் யெஸ்டர்டே."

அன்ரி ஒரு இழுவை இழுத்தார். நுனி சிவந்தது.

"யெஸ். டுமாரோ ஆல்சோ ஐ கால். ரைட் இற் டவுன் பிள்ளை, மை பிரதர் நேம். ஆர் ஃபோர் றைஸ். ஏ ஃபோர் அப்பிள். ஜே ஃபோர் ஜஃப்னா…"