மாமா அறுத்த கார்டு

இன்று அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் கருகியது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் தென்காசியில் எங்கள் பழைய வீட்டின் மாடி அறைக்குப் போய்விட்டேன். அந்த வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள்.

அங்கேதான் அக்கா ஒரு பழைய கம்ப்யூட்டரில் பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாளும் கோயில்களுக்கு நோட்டீஸும் அடித்துக்கொடுத்தாள். குற்றாலத்துச் சாரல் எங்கள் ஜன்னல் வரை வரும் மாதங்களில் மெஷினைத் திறந்து உள்ளே இருக்கும் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஈரத்தில் மங்கிய அவற்றின் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் சொருகி, மெஷின் ஒரு தடவை கூவுகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த வேலையைச் சொல்லித்தான் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மாமா, திரையில் படம் காட்டுகிற புது டிஸ்ப்ளே கார்டு ஒன்றை வாங்கி வந்தார். கார்டு சொருகுகிற ஸ்லாட்டில் இருந்த சின்னத் தடுப்பு அதை உள்ளே விடவில்லை.

"மாமா, இது பழைய போர்டு. கூடுதல் வோல்ட் குடுக்கும், புதுக் கார்டு தாங்காது. அதுக்குத்தான் அந்தத் தடுப்பே" என்றாள் அக்கா.

"ஏட்டி, எனக்கே பாடம் எடுக்கியா? சாரலுக்குக் கதவு ஊதிப்போய் அடைக்க வராட்டி சீவித்தான அடைக்கோம்?" என்று சொல்லிவிட்டு, ஹாக்ஸா பிளேடால் கார்டின் விளிம்பில் பள்ளம் அறுத்து, கட்டைவிரலால் அழுத்தி ஏற்றினார். அப்பா பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார்.

சுவிட்சைப் போட்டதும் புகை வந்தது. கார்டும் போனது, போர்டும் போனது.

"பொட்டப்பிள்ளைக்கு இதெல்லாம் ராசியில்ல" என்றார் மாமா. அப்பா தலையாட்டினார். அடுத்த தையில் அக்காவைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

மாமா இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார். விசேஷ வீட்டுக்குள் அவர் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். அக்காகூட நிற்கிறாள். நான் எழுந்திருப்பதில்லை.