மதில்மேல் காயும் மெத்தைகள்

எங்கள் வீட்டுப் பின்பக்க மதில்மேல் இன்றைக்கும் ஒரு ஜோடி மெத்தை சாய்ந்து நிற்கிறது. படுக்கிற மெத்தை இல்லை. ஷூவுக்குள் பாதம் படும் இடத்தில் போடுவார்களே, கம்பெனியில் இன்சோல் என்பார்கள், அது. அதற்கு மெத்தை என்று பெயர் வைத்தவர் என் அக்காவின் கணவர். எனக்கு மாமா. ஒரகடத்தில் லாரிக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தார். ஷிப்ட் முடிந்து வல்லக்கோட்டை ரோட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், முகம் கழுவுவதற்கு முன்னால் அவர் செய்கிற வேலை ஷூவிலிருந்து மெத்தையை உருவுவதுதான். ஈரத்துணியால் துடைத்து, மதில்மேல் நிழல் விழும் பக்கமாகச் சாய்த்து வைப்பார். வெயிலில் வைத்தால் ஓரம் சுருண்டுவிடும், சுருண்ட ஓரம் காலைக் கடிக்கும் என்பார். பிறகு வெறும் ஷூவுக்குள் கையை விட்டு மூலைமுடுக்கெல்லாம் தடவுவார். ஓர் இரும்புப் பிசிறு கிடந்தாலும் விரலில் தட்டுப்பட வேண்டும். "இன்னா மாமா, அப்டியே தாலாட்டும் பாடி தூங்க வெச்சிடு" என்று நான் வம்பிழுப்பேன். "காலுக்குத்தான் ஒண்ணும் தெரில. கைக்காவது தெரியட்டுமே புள்ள" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அவருக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பெரியாஸ்பத்திரியில் அவர் கால் அளவுக்கு வெட்டி, நீல நிறத்தில் தடிமனான ரப்பர் மெத்தை ஒரு ஜோடி கொடுத்து, இனி இதன்மேல்தான் நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கம்பெனி கொடுத்த ஷூவிலோ மெத்தை பசை போட்டு ஒட்டியே இருந்தது. கழற்றி மாற்றக்கூடிய ஷூவைத் தேடி ஸ்ரீபெரும்புதூர் கடைவீதிக்கு மூன்று பேருமாகப் போனோம். சாயங்காலம்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், நாள் முழுக்க நின்று வீங்கிய கால்தான் உண்மையான கால் என்று. கடையில் ஒவ்வொரு ஷூவிலிருந்தும் மெத்தையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். பாதம் ஓரத்தைத் தாண்டிப் பிதுங்கினால் வேண்டாம். விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இல்லாவிட்டாலும் வேண்டாம். "சார், ஷூ வாங்க வந்தீங்களா, பிரிச்சுப் போட வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் நீல மெத்தையின் தடிமனுக்கும் சேர்த்து, வழக்கத்தைவிடப் பெரிய அளவில், முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்த ஒரு ஜோடி கிடைத்தது. அதிலேயே வந்த மெல்லிய மெத்தையைத் தூக்கிப் போடாமல் பையில் வைத்துக்கொண்டார். அதை அன்றைக்கே குப்பையில் போட்டிருக்கலாம் என்று நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

சர்க்கரை விஷயம் கம்பெனிக்குத் தெரியாது. பக்கத்து லைனில் ஒருவருக்குக் காலில் உணர்ச்சி இல்லை என்று தெரிந்ததும், மெஷின் பக்கம் இனி வேண்டாம் என்று காண்ட்ராக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதைப் பார்த்த பிறகு மாமா வாயைத் திறப்பாரா? அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் பித்தளைச் சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன. ஷூவுக்குள் வைத்துக் கடத்துகிறார்கள் என்று யாரோ சொல்ல, வெளியே போகும்போது கேட்டில் ஷூவைக் கழற்றி, மெத்தை உருவ வந்தால் அதையும் உருவிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எல்லோருக்கும் இல்லை, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு மட்டும். பெர்மனென்ட் ஆட்கள் பக்கத்து வழியாக ஷூவோடு போவார்கள். எனக்கு இந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. திருடன் எந்தப் பக்கத்து ஆள் என்று முன்பே முடிவு செய்தாயிற்று, அப்புறம் என்ன சோதனை?

முதல் நாளே செக்யூரிட்டி மாமாவின் நீல மெத்தையைத் தூக்கி வளைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, சக்கரையா? எங்கப்பாவுக்கும் இதேதான் குட்த்தாங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டிருக்கிறான். பாவம், அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. "சேச்சே, முட்டி வலிதான்பா" என்று மாமா சமாளித்திருக்கிறார். பின்னால் வரிசையில் சூப்பர்வைசரின் ஆள் நின்றிருந்தானாம். இதெல்லாம் எங்களுக்குப் பின்னாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் சொல்லித்தான் தெரியும்.

மறுநாளிலிருந்து வீட்டை விட்டு நீல மெத்தையோடு கிளம்புவார். பஸ் வருவதற்குள் அதை உருவிச் சாப்பாட்டுப் பையின் அடித்துணிக்குள் ஒளித்துவிட்டு, மெல்லியதைப் போட்டுக்கொள்வார். திரும்பி வரும்போது, பஸ்ஸை விட்டு இறங்கியதும் மறுபடி மாற்றிக்கொள்வார். வீட்டுக்கு வந்து, நாங்கள் பார்க்க, நீல மெத்தையை உருவித் துடைத்து மதில்மேல் வைப்பார், ஷூவுக்குள் கைவிட்டுத் தடவுவார், நான் கிண்டல் செய்தால் சிரிப்பார். பெரிய அளவு ஷூவில் மெல்லிய மெத்தை. ஷிப்ட் முழுக்கக் கால் உள்ளே வழுக்கி வழுக்கித் தேய்ந்திருக்கிறது. வலித்திருந்தால் நொண்டியிருப்பார். வலிக்கவில்லை.

கண்டுபிடித்தவள் அக்காதான். ஒரு நாள் திடீரென்று மழை தூற, மதில்மேல் இருந்ததை எடுக்க ஓடியவள் மெத்தையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அன்றைக்கு அவர் அதைத் துடைக்க மறந்து அப்படியே வைத்திருந்தார், வந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. "இன்னாங்க இது? நாளெல்லாம் நின்னுட்டு வர்றீங்க, மெத்த காஞ்சி கீது? வேர்வ நாத்தம்கூட இல்ல?" என்றாள். அவர் இன்னும் சாக்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா கீழே உட்கார்ந்து வலது சாக்ஸை இழுத்தாள். அது வரவில்லை. சதையோடு ஒட்டியிருந்தது.

பாதத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலை போய்விடக் கூடாது என்று எதை மறைத்தாரோ அதுவே காலையும் கொண்டுபோனது, வேலையையும் கொண்டுபோனது. அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. எங்களிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம், வேலைக்குப் போகாதே என்றிருப்போமா?

இப்போது செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார். ஒரகடம் கூட்ரோட்டில் அக்கா நடத்தும் டிபன் கடையில் மாவு கரைத்துக் கொடுத்து, கல்லாவையும் பார்த்துக்கொள்கிறார். இரண்டு காலிலும் ஷூ போடுகிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மெத்தையை உருவுவது இப்போது அக்காவின் வேலை. இடது மெத்தை கறுத்து, குதிகால் பள்ளம் விழுந்து கிடக்கிறது. வலது மெத்தை வாங்கியபடியே இருக்கிறது. ரப்பர் பாதத்துக்கு வேர்வை ஏது? "அது எப்பவும் காஞ்சிதான் கெடக்கும், அத ஏன் எடுக்கிற?" என்று மாமா ஒவ்வொரு நாளும் சொல்கிறார். அக்கா காதில் வாங்குவதில்லை. இடது மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மதில்மேல் வைக்கிறாள். அப்புறம் வலது மெத்தையை எடுத்து, அதையும் அழுத்திப் பார்க்கிறாள்.